ஒன்பது மணிக் கருத்தரங்கு

தேவசேனாவின் அப்பாவுக்குப் பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை. அவள் கொடைக்கானலில் விடுதியில் தங்கி எம்.ஏ. தமிழ் படித்தாள். உவமை, உருவகம், சிலேடை என்று எந்த அணியைக் கேட்டாலும் இலக்கணம் தயங்காமல் வரும். வகுப்பில் அவளை மிஞ்ச ஆளில்லை, கூக்கால் என்ற மலைக்கிராமத்திலிருந்து பஸ்ஸில் வரும் ராஜேஸ்வரி வாயைத் திறக்கும் வரை.

ஒருநாள் பேராசிரியர் குமரகுரு தற்குறிப்பேற்ற அணியைக் கேட்டார்.

"இயல்பாக நடக்கும் ஒன்றின் மேல் கவிஞர் தன் குறிப்பை ஏற்றிச் சொல்வது" என்று சொல்லி உட்கார்ந்தாள் தேவசேனா.

ராஜேஸ்வரி எழுந்தாள். "எங்க ஊரு ஏரி மேல காலையில பனி மூடிக் கெடக்கும் சார். அது தானா நடக்குறது. மூஞ்சி கழுவாம வெளிய வர வெக்கப்பட்டு ஏரி போர்வைய இழுத்து மூடிக்கிருச்சுன்னு சொன்னா, அது நாம ஏத்துன குறிப்பு."

வகுப்பு சிரித்துக் கைதட்டியது. குமரகுரு அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். தேவசேனா சொன்ன எதையும் அவர் இதுவரை எழுதிக்கொண்டதில்லை.

அதன்பிறகு ராஜேஸ்வரி எது செய்தாலும் தேவசேனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நோட்டுக் கேட்டால் வேவு பார்க்கிறாள், கேட்காவிட்டால் திமிர். வீட்டிலிருந்து பிளம்ஸ் கொண்டுவந்து நீட்டியபோது, "எனக்குப் பல்லு கூசும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கல்லூரிக் கருத்தரங்கில் தேர்வாகும் ஒருவர் மதுரையில் நடக்கும் மாநிலக் கருத்தரங்குக்குப் போகலாம். இருவருமே கட்டுரை எழுதியிருந்தார்கள். முந்தைய நாள் மத்தியானம் குமரகுரு தேவசேனாவைக் கூப்பிட்டார்.

"நடுவர் வெரசாக் கெளம்பணுமாம்மா. பதினோரு மணிய ஒம்பதாக்கியாச்சு. ராஜேஸ்வரி இன்னைக்கு லீவு. அவ ஊர்ல வாட்ஸாப் எல்லாம் எடுக்காது. போன் போட்டுச் சொல்லிருங்க. சாயங்காலமே வந்து உங்க கூடத் தங்கிக்கிடட்டும்."

"சரிங்க சார்."

விடுதி வாசலில் நின்று எண்ணை எடுத்தாள். விரல் அதன் மேலேயே நின்றது. பிறகு போனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை ராஜேஸ்வரியின் பெயரை இரண்டு முறை கூப்பிட்டார்கள். பத்து மணிக்கு நடுவர் தேவசேனாவைத் தேர்ந்தெடுத்துவிட்டுக் கிளம்பினார். பத்தரைக்கு, கட்டுரைத் தாள்களை நெஞ்சோடு அணைத்தபடி ராஜேஸ்வரி வந்தாள். காலியான அரங்கைப் பார்த்து, வாசலில் நின்றவர்களிடம் விசாரித்துவிட்டுத் தேவசேனாவிடம் வந்து உட்கார்ந்தாள்.

"மாத்திட்டாங்களாக்கும். நீ எத்தனை தடவ அடிச்சியோ, பாவம். எங்க ஊர்ல டவரு நேரத்துக்குக் கெடைக்காது, என்ன செய்ய? போகட்டும். மதுரைல நல்லாப் பேசு."

அவள் திட்டியிருந்தால் தேவசேனா பதிலுக்குத் திட்டியிருப்பாள். "நான் போனே பண்ணல" என்றாள்.

"என்ன?"

"சார் சொன்னாரு. நாந்தான் வேணும்னே பண்ணல."

ராஜேஸ்வரி அவளையே பார்த்தாள். அழவில்லை. தாள்களை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

தேவசேனா நேராகக் குமரகுருவிடம் போய் அதையே சொன்னாள். "உங்ககிட்ட இத நான் எதிர்பார்க்கலம்மா" என்று மட்டும் சொன்னார். திங்கட்கிழமை நடுவர் வீடியோ அழைப்பில் ராஜேஸ்வரியின் கட்டுரையைக் கேட்டார். மதுரைக்கு அவள்தான் போனாள். முதல் பரிசோடு வந்தாள்.

வகுப்பு கைதட்டியபோது தேவசேனாவும் தட்டினாள். உள்ளே எரிச்சல் அப்படியே இருந்தது. இடைவேளையில், இப்போது கடைசி பெஞ்சுக்கு மாறியிருந்த ராஜேஸ்வரியிடம் போனாள்.

"அந்தக் கட்டுரைய ஒருக்கப் படிக்கத் தருவியா?"

ராஜேஸ்வரி யோசித்தாள். "சாயங்காலம் பஸ்ஸுக்கு முன்னாடி குடுத்துரணும்."

தேவசேனா நூலகத்தில் உட்கார்ந்து, பிழை கிடைக்குமா என்று தேடித் தேடிப் படித்தாள். நாலாம் பக்கத்தில் ஓர் ஒற்று விட்டுப்போயிருந்தது. கொஞ்ச நேரம் சந்தோஷமாக இருந்தது. பிறகு முதல் பக்கத்திலிருந்து மறுபடி படிக்கத் தொடங்கினாள்.