சுருளியம்மாளின் தொப்பி ஊசி

எட்டு மாதம் கழித்து அன்றைக்குத்தான் சுருளியம்மாள் மறுபடியும் சிலமலையில் ஜீப்புக்கு நின்றாள். மார்பில் கட்டியை எடுத்து, மருந்து ஏற்றி, முடி மொத்தமும் கொட்டிப்போயிருந்தது. இப்போது முளைத்திருப்பது பூசணிப் பிஞ்சின் சுணை அளவுதான். அந்தத் தலையில் எந்தக் கட்டும் நிற்காமல் வழுக்கியது. துண்டைப் போர்த்தி, தாடைக்குக் கீழே வலக்கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். இடக்கை தோளுக்கு மேல் தூக்க வராது. ஒரு கையால் தலையைப் பிடித்துக்கொண்டு ஏலக்காய் எடுப்பது எப்படி என்று அவளுக்கே தெரியவில்லை. யாராவது தலையைப் பார்த்துவிட்டால் நாளையிலிருந்து வருவதில்லை என்பது மட்டும் முடிவு.

மடியில் ஒரு பொட்டலம். அதற்குள் ஒரு சாண் நீளத்துக்கு எஃகு ஊசி. அதன் தலையில் நீலக் கண்ணாடிக் குமிழ், குமிழைச் சுற்றி வெள்ளிக் கம்பி வேலை. இருபது வருடத்துக்கு முன் எஸ்டேட் பங்களாவுக்குப் பின்னால் களை வெட்டும்போது கிடைத்தது. அன்றிலிருந்து அவள் கொண்டையில்தான் இருந்தது.

முதலாளி வீட்டு மருமகள் ஜெனிதான் அது என்னவென்று சொன்னவள். கூடத்தில் மாட்டியிருந்த பழைய படத்தைக் காட்டினாள். அதில் ஒரு வெள்ளைக்காரி, முறம் அகலத் தொப்பியோடு நின்றாள்.

"தொப்பி பறக்காம இருக்கக் குத்துறது இது, அக்கா. துணிக்குள்ள விட்டு, முடிக்குள்ள கோத்து, அந்தப் பக்கம் எடுப்பாங்க. நமக்குக் கம்மல் மாதிரி அவங்களுக்கு இதுதான் நகை. எங்கிட்டக் குடுங்க, படத்துக்குக் கீழ வச்சிர்றேன்."

"முடி இருக்கிற வரைக்கும் எங்கிட்டயே இருக்கட்டும் ஆத்தா. அப்பறம் நீயே வச்சுக்க" என்று அன்றைக்குச் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள். அந்தச் சொல்லைக் காப்பாற்றத்தான் இன்று பொட்டலம்.

ஜீப்பில் பதினாலு பேர். எதிரே கருத்தம்மா, முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தாள். போடியைத் தாண்டி மலை ஏறியது. ஆறாவது வளைவில் எதிரே லோடு லாரி வர, டிரைவர் தங்கபாண்டி வண்டியை வெடுக்கென்று ஒடித்தான். விழாமல் இருக்கச் சுருளியம்மாள் வலக்கையால் கம்பியைப் பிடித்தாள். துண்டு பறந்து கருத்தம்மாவின் மடியில் விழுந்தது.

ஒருத்தி வெளியே பார்த்தாள். ஒருத்தி தூக்குச்சட்டி மூடியைத் திறந்து மூடினாள். தங்கபாண்டி கண்ணாடியைத் திருப்பி வைத்தான். சுருளியம்மாள் கம்பியை விடவுமில்லை, துண்டைக் கேட்கவுமில்லை. மூன்று வளைவு அப்படியே போனது.

"அதென்ன மதினி மடியில? முறுக்கா?" என்றாள் கருத்தம்மா.

"ஊசி. ஜெனியம்மாட்டக் குடுக்கணும்."

"கொண்டா."

கருத்தம்மா தன் துண்டை முறுக்கி, சுமை தூக்க வைக்கிற மாதிரி சும்மாடு சுற்றினாள். அதைச் சுருளியம்மாளின் தலையில் வைத்து, அதன் மேல், பறந்து வந்த துண்டைப் போர்த்தி இழுத்துப் பின்னால் முடிந்தாள். பிறகு ஊசியை எடுத்தாள்.

"ஆடாத. மண்டைக்குள்ள போயிரும். போனாலும் அங்க ஒண்ணும் இருக்காது."

"ஓந் தலையில என்ன இருக்கு? பேனு."

ஜீப்பு முழுக்கச் சிரித்தது. ஊசி துண்டுக்குள் நுழைந்து, சும்மாட்டைக் கோத்து, அந்தப் பக்கம் வெளியே வந்தது. கருத்தம்மா பிடித்து ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை.

பங்களா வாசலில் ஜெனி நின்றிருந்தாள். சுருளியம்மாளைப் பார்த்துச் சிரித்தவள், தலையைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். நெற்றிக்கு மேலே நீலக் குமிழ்.

"முடி போயிருச்சு ஆத்தா" என்றாள் சுருளியம்மாள். "சொன்ன சொல்லு இருக்குல்ல. எடுத்துத் தர்றேன்." கை குமிழுக்குப் போனது.

ஜெனி அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"எடுத்தா மறுபடி யாரு குத்தி விடுவா? எனக்குத் தெரியாதுக்கா" என்றாள். "காய் பழுத்துக் கெடக்கு. வெரசாப் போங்க."

சரிவில் காற்று ஓயவே இல்லை. சுருளியம்மாள் ஒரு ஏலச்செடித் தூரின் அடியில் குந்தினாள். காய்கள் தரையோடு கிடந்தன. அதற்குக் கையைத் தூக்க வேண்டியதில்லை. பழக்கத்தில் வலக்கை ஒருமுறை தாடைக்குப் போனது. பிறகு அதுவும் கீழே வந்து, இடக்கையோடு சேர்ந்து இலைகளை விலக்கியது.