திராட்சைக்குச் சட்டை தைத்த கதை

எங்கள் தெருவில் ஒரு தையல்காரர் இருந்தார். இருந்தார் என்றதும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்ளாதீர்கள், கண்ணுகளா. இப்போதும் இருக்கிறார். நேற்றுகூட என் தலையணை உறையைத் தைத்துக் கொடுத்தார். வீட்டின் முன்னறைதான் கடை. ஒரு மிதி மெஷின், ஒரு நீள மேசை, கழுத்தில் அளவு நாடா, சட்டை முன்பக்கம் முழுக்கக் குண்டூசி. அவரை ஆசையாகக் கட்டிப்பிடித்தவர்கள் எல்லாரும் "ஆ!" என்று கத்திக்கொண்டுதான் விலகியிருக்கிறார்கள்.

தைப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் "மிச்சத் துணி இருக்கா?" என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. கண்ணாடியைக் கழற்றுவார். கூரையைப் பார்ப்பார். "கரெக்டா இருந்துச்சும்மா. ஒரு பட்டனை மூடக்கூட மிச்சமில்ல" என்பார். அந்த முகத்தைப் பார்த்தால், நாமே இன்னும் அரை மீட்டர் சேர்த்துக் கொடுத்திருக்கலாமே, பாவம் மனுஷனைத் தவிக்க விட்டுவிட்டோமே என்று நமக்குத்தான் வெட்கமாகிவிடும்.

அவர் மனைவியைத் தெருவே அக்கா என்று கூப்பிடும். பட்டன் கட்டுவதும் விளிம்பு மடிப்பதும் அக்காவின் வேலை. அக்கா சிரித்தால் மூன்று வீடு தள்ளித் தூங்குகிற பூனை எழுந்து உட்காரும். அந்த அக்காவுக்கு மூன்று வருஷமாக ஒரே பைத்தியம், வெள்ளைத் திராட்சை.

"இது முரட்டுக் கொடிம்மா. உறைபனியில சாகாது, பூஞ்சைக்கு அசையாது. நீங்களாக் கொல்லாம இருந்தாப் போதும்" என்று சொல்லித்தான் நாற்றுக்கடைக்காரர் கொடுத்தாராம். கொடுத்தது ஒரு குச்சி. பென்சில் தடிமன்கூட இல்லை. அக்கா வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் இரண்டடிக் குழி தோண்டி நட்டார். முதல் குளிர்காலத்தில் அது சுள்ளி மாதிரி காய்ந்து நின்றது. "அடுப்புக்கு ஆகும்" என்றார் தையல்காரர். வெயில் வந்ததும் துளிர்த்தது. இரண்டாம் வருஷம் தண்ணீர் லாரி பின்னோக்கி வந்து அதன்மேல் ஏறியது. ஒரே மாதத்தில் கொடி எழுந்து, லாரிக்காரர் ஹாரன் அடிக்கப் பயப்படுகிற அளவுக்குக் கேட்டின்மேல் போட்ட கம்பிப் பந்தலையும் முன்சுவரையும் பிடித்துக்கொண்டது.

பிறகு வெட்டு. ஒவ்வொரு கிளையிலும் இரண்டு கணு மட்டும் விட்டு மீதியை ஒட்ட வெட்டினால்தான் புதுத் துளிரில் காய்க்கும் என்று நாற்றுக்கடைக்காரர் சொல்லியிருந்தார். அக்கா கைக்கு அகப்பட்டதை எடுத்து வெட்டினார். அகப்பட்டது துணிக் கத்தரிக்கோல். அதைக் கொண்டு ஒரு காகிதத்தை வெட்டினாலே மூன்று நாள் பேசாத மனுஷன் தையல்காரர். கொடியை வெட்டியதற்கு ஒரு வாரம் அந்த வீட்டில் குடும்பம் சைகையில் நடந்தது.

வெட்டு வீண் போகவில்லை. மூன்றாம் வருஷம் இருபத்தெட்டுக் குலை! அக்கா பல் தேய்க்கும்போது எண்ணுவார், துணி காயப்போடும்போது எண்ணுவார். பச்சைக் கல்லாக இருந்த மணிகள் மெல்ல மெல்லக் கண்ணாடியாகி, வெயிலுக்கு எதிரே நின்று பார்த்தால் உள்ளே விதை நிழலாடத் தொடங்கியது. விதை பழுப்பாகும்வரை பறிக்கக் கூடாது. இன்னும் பத்து நாள்.

அந்த நேரம் பார்த்துத் தையல்காரர் தங்கை வீட்டுக்குக் கிளம்பினார். தங்கை குடியேறிய புது வீட்டில் பதினாலு ஜன்னல். திரை தைத்துக் கொடுத்துவிட்டு மூன்று நாளில் வருவதாகச் சொல்லிப் போனார். மறுநாள் காலை அக்கா பால் காய்ச்சி இறக்குவதற்குள் பறவைக் கூட்டம் ஒன்று வந்து ஒரு முழுக் குலையைத் தின்றுவிட்டுக் காம்பை மட்டும் ஆடவிட்டுப் போனது. அக்கா கரண்டியும் கையுமாகத் தெருவில் நின்று வானத்தைத் திட்டினார். பிறகு நாற்றுக்கடைக்காரருக்குப் போன் போட்டார்.

"ஒவ்வொரு குலைக்கும் துணிப்பை கட்டிடுங்கம்மா. மெல்லிசாக் காத்து போகிற துணியா இருக்கட்டும்" என்றார் அவர்.

துணியா? தையல்காரர் வீட்டிலா? கடையில் இருப்பதெல்லாம் ஊரார் துணி, தொட முடியாது. பழைய வேட்டி கிட்டி கிடைக்குமா என்று அக்கா பரணில் ஏறினார். உடைந்த மெஷின் பெட்டிக்குப் பின்னால் ஒரு கோணி மூட்டை. அவிழ்த்தால், கண்ணுகளா, ஒரு வானவில்லை மடித்து வைத்த மாதிரி! பூப்போட்டது, கோடு போட்டது, கட்டம் போட்டது, ஒவ்வொன்றும் கைக்குட்டை அளவு, சுருட்டி நூல் கட்டி அடுக்கியிருந்தது. அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குத் தெரியாமல் எனக்காக இத்தனை சேர்த்து வைத்திருக்கிறாரே மனுஷன் என்று நினைத்தார். சத்தியமாக அப்படித்தான் நினைத்தார்.

இரண்டு நாள் மெஷின் நிற்கவில்லை. அடிப்பக்கம் தைத்து, வாயில் நாடா கோத்து, இருபத்தேழு பை. ஏணி போட்டு ஏறி ஒவ்வொரு குலைக்கும் மாட்டி முடிச்சுப் போட்டார். கேட்டின் மேலும் சுவர் நெடுகவும் இருபத்தேழு வண்ணப் பை காற்றில் ஆடியதைப் பார்த்து, எங்கள் தெருவிலேயே குடியிருக்கிற தீயணைப்பு வண்டி டிரைவர் வண்டியையே நிறுத்திவிட்டார். நல்லவேளை, எங்கும் தீப்பிடிக்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் தையல்காரர் பஸ்ஸை விட்டு இறங்கித் தெரு முனையில் திரும்பினார். பார்த்தார். பெட்டியைக் கீழே வைத்தார். நடுத்தெருவில் அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

அக்கா ஓடிவந்தார். "எப்படி இருக்குங்க? திராட்சைக்குச் சட்டை!"

"துணி... துணி எங்க எடுத்த?"

"பரண்லதான். எனக்காகத்தானே சேத்து வச்சீங்க? கேட்டாச் சொல்லியிருக்க மாட்டீங்களா, கள்ளன்!"

"மெதுவாப் பேசுடி!"

வீட்டுக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்திவிட்டு, காதோடு காதாக உண்மையைச் சொன்னார். அக்கா வாயைப் பிளந்தார். பிறகு சிரித்தார். மூன்று வீடு தள்ளிப் பூனை எழுந்து உட்கார்ந்தது.

"அப்போ மிச்சம் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"எல்லார் துணியிலயுமா?"

"எல்லாத்துலயும் இல்ல." கண்ணாடியைக் கழற்றினார். கூரையைப் பார்த்தார். "சரி, எல்லாத்துலயும்தான். விக்கவா செஞ்சேன்? தைக்கவா செஞ்சேன்? நல்ல துணியைப் பார்த்தா ஒரு கையளவாவது கூட இருக்கட்டுமேன்னு தோணும். விட மனசு வராது."

அக்காவின் சிரிப்பு அடங்கியது. "அந்த டீச்சரம்மா துணி பத்தலன்னு எட்டு வருஷமா முழங்கையோட நின்னுபோன சட்டையில திரியுறாங்களேய்யா! இது தெரிஞ்சா, நாளைக்கு இந்தத் தெருவுல யாராவது ஒரு கைக்குட்டையையாவது உங்களை நம்பிக் கொடுப்பாங்களா?"

"அதான் சொல்றேன், பையை எல்லாம் அவிழ்த்துடு."

"அவிழ்த்தா விடியறதுக்குள்ள காம்புதான் மிஞ்சும். இன்னும் ஏழு நாள் இருக்கு."

"அவிழ்த்துடு" என்றார் மறுபடியும். அக்கா ஜன்னல் வழியாகக் கொடியைப் பார்த்தார். மூன்று வருஷம். சுள்ளியாகக் கிடந்தது, லாரி ஏறியது, ஒரு வாரச் சைகை, எல்லாம் அந்தப் பார்வையில் இருந்தது. தையல்காரர் அந்த முகத்தைப் பார்த்தார். மூன்றாம் தடவை சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.

"சரி. ஏழு நாள்தானே. நான் பார்த்துக்கறேன்" என்றார்.

அவர் பார்த்துக்கொண்ட அழகு இருக்கிறதே! அன்று சாயங்காலமே எல்லாப் பையையும் உள்வெளியாகத் திருப்பிக் கட்டினார். அப்படியும் பூவும் கோடும் மங்கலாகத் தெரிந்தன. மறுநாள் சுவருக்கு முன்னால் கயிறு கட்டிப் படுக்கை விரிப்பாகக் காயப்போட்டார். "இத்தனை விரிப்பா? வீட்டுல எத்தனை பேர் படுக்கறீங்க?" என்று நானே கேட்டேன். "ரெண்டு பேர்தான். புரண்டு புரண்டு படுப்போம்" என்றார். அடுத்த நாள் பளீரென்ற வெயிலில் குடையை விரித்துக்கொண்டு கேட்டில் நின்றார். பள்ளித் தலைமை ஆசிரியையான அந்த டீச்சரம்மா வந்தால் குடை இடப்பக்கம் போகும், நான் வந்தால் வலப்பக்கம் வரும்.

"மழையா என்ன?" என்று டீச்சரம்மா கேட்டார்.

"வரும்னு சொன்னாங்க டீச்சரம்மா."

எதிர்வீட்டுப் பல் டாக்டரைச் சமாளிப்பதுதான் பெரிய பாடு. அவர் எப்போதும் அண்ணாந்து பார்த்து நடக்கிற மனிதர். அதனால் அவர் தலை தெரிந்தாலே தையல்காரர் ஓடிப்போய் வாயைத் திறந்து காட்டுவார். "டாக்டர், இந்தக் கடவாய்ப் பல்லைக் கொஞ்சம் பாருங்க." நான்கு நாள் விடாமல் பார்த்த டாக்டர், ஐந்தாம் நாள் இடுக்கியோடு வந்தார். "வலி தாங்காம நிக்கறீங்க, பிடுங்கிடலாம் வாங்க" என்று. ஒரு நல்ல பல் அன்று மயிரிழையில் தப்பியது.

ஏழாம் நாள் காலை. அக்கா ஒரு பையை அவிழ்த்து ஒரே ஒரு பழத்தைப் பிதுக்கிப் பார்த்தார். விதை பழுப்பு! "ஏங்க, பழுத்திடுச்சு!" என்று அவர் கூவவும் ஒரு காற்று வரவும் சரியாக இருந்தது. தையல்காரரின் கையிலிருந்த குடை பிய்த்துக்கொண்டு தெருவோடு உருண்டது. அதைத் துரத்திப் பிடித்து, மூச்சு வாங்கக் கொண்டுவந்து கொடுத்தவர் யார் என்கிறீர்கள்? டீச்சரம்மா.

கொடுத்தவர் அண்ணாந்து பார்த்தார். தலைக்கு நேர் மேலே ஒரு பை. நீலத் துணி, குட்டிக் குட்டி மஞ்சள் மீன். டீச்சரம்மா அன்று போட்டிருந்த சட்டையும் நீலம், குட்டிக் குட்டி மஞ்சள் மீன். முழங்கையோடு நின்றுபோன சட்டைக் கையைத் தூக்கிப் பைக்குப் பக்கத்தில் வைத்தார். மீனோடு மீன் சேர்ந்து நீந்தியது.

"பல் டாக்டரே, கொஞ்சம் இங்க வாங்க" என்றார். பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிற குரல் அது. டாக்டர் வந்தார், தீயணைப்பு டிரைவர் வந்தார், நானும் போனேன். டாக்டர் தன் நோயாளி நாற்காலியின் உறையைக் கண்டுபிடித்தார். டிரைவர், ஆறு தலையணைக்குத் துணி கொடுத்து ஐந்துக்கு மட்டும் உறை வாங்கிப்போன கட்டத் துணியைக் கண்டுபிடித்தார். என் ஜன்னல் திரை ஒரு சாண் குட்டை. அந்த ஒரு சாண் கேட்டுக்கு மேலே ஒய்யாரமாக ஆடிக்கொண்டிருந்தது. தெருவில் பாதி கூடிவிட்டது. எல்லாரும் தையல்காரரைப் பார்த்தார்கள்.

தையல்காரர் கண்ணாடியைக் கழற்றினார். கூரையைப் பார்க்க நிமிர்ந்தார். வாசலில் ஏது கூரை? பைகள்தான் இருந்தன.

"மிச்சம் இருந்துச்சு" என்றார்.

அவ்வளவுதான். முப்பது வருஷத்தில் முதல் தடவை. அவர் முகம் குண்டூசி குத்திக்கொண்டவர் முகம் மாதிரி ஆகிவிட்டது. அக்கா அவரைப் பார்த்தார், தன் குலைகளைப் பார்த்தார், ஒரு பெருமூச்சு விட்டார், ஏணியைத் தூக்கி வந்து சுவரில் சாய்த்தார்.

"எந்தத் துணி யாருதோ அவங்கவங்க அவிழ்த்துக்கங்க. உள்ள இருக்கறதோட சேர்த்து."

பிறகு வந்ததே ஒரு கூத்து! தெருவே அண்ணாந்த தலையோடு முட்டி மோதியது. "அந்தக் கோடு என்னோடது!" "இல்ல, உங்களது அகலக் கோடு!" "டாக்டர், ஏணியை ஆட்டாதீங்க, எனக்கு வாரிசு இல்ல!" டிரைவர் ஏணியே இல்லாமல் ஏறினார், பழக்கம். தன் குலை சின்னது என்று டாக்டர் முணுமுணுக்க, "நீங்க கொடுத்த துணியும் அப்படித்தான்" என்றார் தையல்காரர். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். முதலில் சிரித்தது டாக்டர்தான்.

பழம் எப்படி என்று கேட்கிறீர்களா? தோல் மெல்லிசு, பல் பட்டதும் டப்பென்று வெடித்தது. உள்ளே தேன், அதன் பின்னால் நாக்கை லேசாகக் கிள்ளுகிற புளிப்பு. வெயில் சூட்டோடு தின்றோம். கன்னம், மூக்கு, சட்டை எல்லாம் சாறு. டீச்சரம்மா விதையை யார் தூரமாகத் துப்புவது என்று போட்டி வைத்தார், தானே ஜெயித்தார்.

பந்தல் காலியானது. அக்காவின் கை வெறுங்கையாக இருப்பதை அப்போதுதான் எல்லாரும் கவனித்தோம். மூலையில் ஒரே ஒரு பை, வெளுத்துப்போன துணி, யாரும் உரிமை கொண்டாடவில்லை. டீச்சரம்மா "நம்மள்ல யாரோ மறந்துட்டாங்க" என்றார்.

"மறக்கல" என்றார் தையல்காரர். ஏறி அவிழ்த்து வந்து அக்காவிடம் நீட்டினார். "இது உன்னோடது."

"எங்கிட்ட இந்தச் சாம்பல் நிறத்துல துணியே கிடையாதே."

"சாம்பல் இல்ல. முப்பது வருஷத் துணி, ஏழு நாள் வெயிலுக்கே வெளுத்துடுச்சு. தையலைப் பிரிச்சுப் பாரு."

அக்கா பிரித்தார். மடிப்புக்குள் வெயில் படாத இடத்தில் கொழுந்துச் சிவப்பு.

"கல்யாணத்துக்கு முந்தி நீ தைக்கக் கொடுத்தியே, முதல் சட்டை. உன் துணியில ஒரு கையளவு எங்கிட்டயே இருக்கட்டும்னு தோணிச்சு. மிச்சமில்லன்னு சொன்னேன். அங்க ஆரம்பிச்சது."

"அடப்பாவி மனுஷா" என்றார் அக்கா. அந்தக் குலையிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்து அவர் வாயில் திணித்தார். அடுத்ததைத் தன் வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். மூன்று வருஷத்தையும் மெதுவாக மென்றார். பிறகு சிரித்தார். பூனை இந்தத் தடவை நேரே வந்து பார்த்துவிட்டுப் போனது.

மறுநாள் காலை தையல்காரர் பயந்து பயந்துதான் கடையைத் திறந்தார். யாரும் வரமாட்டார்கள் என்று முதல்நாளே மெஷினுக்கு உறை போட்டு மூடியிருந்தார். வாசலில் டீச்சரம்மா, கையில் புதுத் துணி, பச்சையில் வெள்ளைக் கொக்கு.

"ரெண்டு மீட்டர்தான் இருக்கு" என்றார்.

"தாராளம் டீச்சரம்மா. சத்தியமா முழுக்கை வச்சுத் தர்றேன். மணிக்கட்டு வரைக்கும்!"

"முழுக்கை யார் கேட்டா? கை குட்டையாவே இருக்கட்டும்." டீச்சரம்மா குரலைத் தாழ்த்தினார். "மிச்சத்தைப் பெருசா விடுங்க, அடுத்த வருஷப் பைக்கு. இந்தத் தடவை என் பை பத்தாம, நுனியில மூணு பழம் வெளிய தொங்கி, பறவை தின்னுடுச்சு."