மூன்றாவது அலசல்

அந்த மாதம் முழுக்க நான் தண்ணீர் மீட்டரோடுதான் குடும்பம் நடத்தினேன். கடைக்கு வந்ததும் ஒரு தடவை, பூட்டும் முன் ஒரு தடவை, நடுவில் மனசு கேட்காமல் நாலைந்து தடவை. படிக்கட்டுக்கு அடியில் குனிந்து, மூடியைத் தூக்கி, எண்ணைக் குறித்துக்கொண்டு நிமிர்ந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

காரணம் கட்டட ஓனர். மூன்றாவது மாடியில் இருக்கிறார். அளந்துதான் பேசுவார். "உங்க கடையே பாதித் தொட்டியைக் காலி பண்ணுது. மேல் வீடுகள்ல காலையில குழாயைத் திறந்தா காத்துதான் வருது. இந்த மாசம் நூறு யூனிட்டைத் தாண்டினா, கடையை வேற யாருக்காவது கொடுத்துடுவேன்" என்று சொல்லிவிட்டார். ஒப்பந்தமும் அந்த மாதத்தோடு முடிகிறது. அந்த எட்டுத் துவைக்கும் மிஷின்களை நம்பித்தான் இரண்டு வீட்டில் சோறு வேகிறது. ஒன்று என் வீடு, இன்னொன்று தங்கை வீடு.

எங்கள் கடையில் அவரவரே துணியைப் போட்டு, காசைப் போட்டு, பட்டனை அமுக்கித் துவைத்துக்கொள்ள வேண்டியதுதான். காலையில் தங்கை புருஷன் உட்காருவார், மதியத்துக்கு மேல் நான். மாப்பிள்ளை தங்கமானவர்தான். ஆனால் வாயில் எதுவும் தங்காது. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடை காலியாக இருந்தபோது, சர்வீஸ் சாவியைப் போட்டு எட்டு மிஷினிலும் மூன்று அலசலை இரண்டாக்கினேன். தண்ணீர் அளவையும் ஒரு படி இறக்கினேன். அவரிடம் மூச்சுகூட விடவில்லை.

முதல் வாரம் மீட்டர் சொன்னபடி கேட்டது. எனக்கு என் புத்திசாலித்தனத்தின் மேலேயே ஒரு மரியாதை வந்தது. அந்த வாரம்தான் கைக்குழந்தைக்காரி வந்தாள். எங்கள் கணக்கில் அவளுக்கு அதுதான் பேர். இடுப்பில் பிள்ளை, கையில் மூட்டை.

"பாப்பா கழுத்தெல்லாம் செவந்திருக்கு அண்ணே. துணியில சோப்பு சரியாப் போகலையோ?"

"நீங்க சோப்பை அள்ளிக் கொட்டுறீங்கம்மா. அரை மூடி போதும்" என்றேன். கூசாமல் சொன்னேன். அவளும் நம்பி, தன்மேல்தான் தப்பு என்பதுபோலத் தலையாட்டிவிட்டுப் போனாள்.

இரண்டாவது வாரம் மீட்டர் ஏறியது. மூன்றாவது வாரம் பழைய கணக்கையும் தாண்டி ஓடியது. பிளம்பரைக் கூட்டிவந்து குழாய் குழாயாகப் பார்க்கச் சொன்னேன். ஒரு மணி நேரம் தரையில் ஊர்ந்துவிட்டு எழுந்து கையைத் துடைத்தார்.

"ஒழுகல் எதுவும் இல்ல சார். தண்ணி உங்க மிஷினுக்குள்ளதான் போகுது. அதுவும் காலையிலதான் ஜாஸ்தி ஓடுது."

காலையில் என்றால் மாப்பிள்ளை. அடுத்த வளைவில் கார் கழுவுகிறவனுக்குத் தண்ணீர் விற்கிறாரோ என்று எனக்குள் ஒரு பேய் புகுந்தது. கேட்கவும் முடியாது. தங்கை வாழ்க்கைப்பட்ட இடம். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் ஒருநாள்கூட வாய் தவறி அவரை 'நீ' என்று சொன்னதில்லை நான்.

இருபத்தாறாம் தேதி மீட்டர் நூற்று நான்கு. அன்று காலை ஒன்பது மணிக்குச் சொல்லாமல் கொள்ளாமல் கடைக்குப் போனேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன்.

மூலையில் காலுறை அலச ஒரு தொட்டி வைத்திருக்கிறோம். அதன் பக்கத்தில் நான் இதுவரை பார்த்திராத கொக்கி ஒன்று; மதியம் நான் வருமுன் கழற்றி வைத்துவிடுவார் போல. அதில் பச்சை நிறத்தில் தடித்த துண்டு. ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நர்ஸம்மா அதை எடுத்துக் குழாயடியில் பிடித்து, சொட்டச் சொட்ட நனைத்து, தன் துணிகளோடு மிஷினுக்குள் போட்டுக் கதவைச் சாத்தினார். அடுத்த மிஷினில் சலவை முடிந்ததும் கைக்குழந்தைக்காரி இன்னொரு பச்சைத் துண்டை வெளியே எடுத்துக் கொக்கியில் மாட்டினாள். மாப்பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்தபடி, "நல்லா ஊறட்டும் சிஸ்டர், அப்பதான் கனம் ஏறும்" என்று யோசனை வேறு சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் மிஷின்கள் துணியை எடைபோட்டுத் தண்ணீர் எடுப்பவை. ஈரத் துண்டு ஒன்றைச் சேர்த்தால், துணி நிறைய இருக்கிறது என்று நம்பி இஷ்டத்துக்கு இழுத்துக்கொள்ளும். ஆனாலும் அலசல் என்னவோ இரண்டுதான்.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். "என்ன பண்ணிட்டிருக்கே நீ? குடும்பத்தையே நடுத்தெருவுல நிறுத்தவா உன்னை இங்க உட்கார வச்சேன்?"

நாலு பேர் முன்னால் 'நீ' என்றுவிட்டேன். மாப்பிள்ளை எழுந்து நின்றார். அவர் முகம் செத்துப்போனது.

"மச்சான்... மூணு வாரமா மிஷின் சரியாத் தண்ணி எடுக்கல. துணியெல்லாம் நுரையோட வருது. எட்டுக்கும் ஒரே சமயத்துல வயசாயிடுச்சுன்னு நெனச்சேன். ஏற்கெனவே ஓனர் பேச்சைக் கேட்டு நீங்க தூங்காம கிடக்கீங்க. இதையும் சொல்லி எதுக்கு உங்க உயிரை வாங்குறதுன்னுதான்..." கொக்கியில் தொங்கிய துண்டைக் காட்டினார். "ஜனங்க வேற கடைக்குப் போயிடக் கூடாதேன்னு இந்தத் துண்டு வேலையை நான்தான் சொல்லிக் கொடுத்தேன்."

நான் அவரிடம் மறைத்தேன், அவர் என்னிடம் மறைத்தார். இரண்டு பேரும் கடையைக் காப்பாற்றத்தான். நல்ல லட்சணம்.

என் சத்தம் மாடிவரை கேட்டிருக்க வேண்டும். ஓனர் வாசலில் நின்றார். படிக்கட்டடியில் மீட்டரைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"நூத்தி நாலு. யாரு வேலை இது?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளை முன்னால் வந்தார். "நான்தான் சார். மச்சானுக்கு ஒண்ணும் தெரியாது. நாளையிலேருந்து நான் இங்க வரல. கடையை மட்டும் எடுத்துடாதீங்க."

ஓனர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "இவரை நிறுத்திட்டீங்கன்னா இன்னும் ஒரு வருஷம் எழுதித் தர்றேன்" என்றார் என்னிடம்.

சும்மா இருந்தால் போதும். ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை, கடை நிலைத்துவிடும். அந்த நேரத்தில் நான் எவ்வளவு கேவலமாகக் கணக்குப் போட்டேன் என்பது எனக்குத்தான் தெரியும். மாப்பிள்ளைக்கு வேறு வேலை கிடைக்கும், தங்கையிடம் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றுகூட மனசு ஓடியது. அப்போது குழந்தை சிணுங்கியது. கைக்குழந்தைக்காரி அதன் சட்டைக் கழுத்தை விலக்கி விசிறிவிட்டாள். சிவப்பு இப்போது தோள்வரை இறங்கியிருந்தது.

"மிஷின்ல ஒரு கோளாறும் இல்ல சார்" என்றேன். "அலசலைக் குறைச்சது நான். தண்ணியைக் குறைச்சதும் நான். இவருக்குத் தெரியாது. இவங்க யாருக்கும் தெரியாது."

கைக்குழந்தைக்காரி என்னையே பார்த்தாள்.

"டாக்டர்கிட்ட ரெண்டு தடவை போனேன். மூணு சோப்பு மாத்தினேன்" என்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மூணு அலசல் வச்சா நூறுக்குள்ள நிக்குமா?" என்றார் ஓனர்.

"நிக்காது சார். நூத்திப் பத்து வரும்."

அவர் மிஷின்களை வரிசையாகப் பார்த்தார். "கம்பளி துவைக்கிற பெரிய மிஷின் ரெண்டையும் எடுத்துடுங்க. ஆறை வச்சு ஓட்டுங்க. மூணு அலசல். அடுத்த மாசத்துலேருந்து நூறுக்கு மேல ஒண்ணு ஏறினாலும் நான் பேச மாட்டேன், பூட்டுதான் பேசும்."

பெரிய மிஷின் இரண்டும்தான் எங்களுக்கு லாபமே. சரி என்று தலையாட்டினேன். வேறு வழி இல்லை.

அவர் போனதும் மாப்பிள்ளை பக்கம் திரும்பினேன். "தப்பா நெனச்சுட்டேன் மாப்பிள்ளை. மன்னிச்சுடுங்க."

"முதல்ல சாவியைக் கொடுங்க மச்சான்" என்று கையை நீட்டினார். அவரே ஒவ்வொரு மிஷினாகத் திறந்து பழையபடி மாற்றினார். நான் பக்கத்தில் நின்று எந்தப் பட்டன் என்று சொன்னேன்.

கைக்குழந்தைக்காரியின் துணியை மறுபடி போடச் சொல்லி நான் காசை எடுத்தேன். அவள் என் கையைத் தட்டாத குறையாக விலக்கிவிட்டுத் தன் காசையே போட்டாள். பிறகு பெஞ்சில் உட்காரவில்லை. மிஷினுக்கு எதிரே நின்று, கண்ணாடிக்குள் பார்த்து, வாய்விட்டு எண்ணினாள். ஒன்று. இரண்டு. மூன்றாவது முறை தண்ணீர் இறங்கி வடியும்வரை கண்ணை எடுக்கவில்லை. கதவு திறந்ததும் ஒரு குட்டிச் சட்டையை எடுத்து முகர்ந்தாள். தன் கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள்.

நான் அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். அவள் என்னைத் தாண்டி மாப்பிள்ளையிடம் போனாள்.

"இப்ப சரியா இருக்கு அண்ணே" என்றாள்.