கடலையெண்ணெய் டின்னில் எஞ்சின் ஆயில்

1

இந்தக் கதை ஒரு கடலையெண்ணெய் டின்னில் பிறந்தது. உள்ளே இருப்பது எஞ்சின் ஆயில். போன வாரம் வீட்டு வேலைக்கு வரும் மணியம்மாள் அதில் வடை சுடப் பார்த்தாள். "என்னாம்மா, எண்ணெ பெட்ரோல் பங்கு மாரி நாறுது?" என்றாள். அப்போதுதான் இதை எழுதித் தொலைத்துவிட வேண்டும் என்று தோன்றியது.

2

முதல் தொடக்கம்: '1979ஆம் ஆண்டு, நெல்லித்தோப்பில் ஒரு மழைக்கால மாலையில், கமலவேணி என்னும்...'

வேண்டாம். மழை பெய்யவில்லை. கமலவேணியும் நான்தான்.

கணவருக்கு ஆதிமூலம் என்று பெயர் வைத்திருக்கிறேன். (உண்மைப் பெயர் இன்னும் கம்பீரமானது.) பிரான்சுக்குப் போய்விட்ட ஒரு குடும்பத்திடமிருந்து அவர் பழைய கார் வாங்கி ஒரு வருடமாகிறது. தினமும் மாலை வந்ததும் பானெட்டைத் திறப்பார். ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவுவார், பார்ப்பார், துடைப்பார், செருகுவார். துடைத்துச் செருகி, மறுபடி உருவிய பிறகுதான் பார்க்க வேண்டும். செய்வதெல்லாம் சரி, வரிசைதான் தப்பு. துடைக்காத கம்பியில் மேல்வரை எண்ணெய் அப்பியிருக்கும். அவருக்கு எப்போதும் நிறைவு.

காரோடு வந்த கையேடு பிரெஞ்சில் இருக்கிறது. பிரெஞ்சுக் கான்வென்டில் படித்ததால் எனக்குப் புரியும். "படிச்சிச் சொல்லு" என்று அவர் கேட்டதேயில்லை.

3

ஆகவே காலையில் அவர் குளிக்கும்போது நான் சரியாகப் பார்த்து, அவர் கண்ணில் படாமல் வைத்திருக்கும் அந்த டின்னிலிருந்து குறைந்ததை ஊற்றிவிடுவேன். ஆயில் தரும் மெக்கானிக் அன்வருதீன் ஒருநாள் கேட்டார்:

"வண்டி குடிக்குதா, சாரு குடிக்கிறாராக்கா?"

"அவருகிட்ட மூச்சு விட்டுறாதீங்க."

"நான் எங்க சொல்றது? 'ஒரு வருஷமா ஒரு சொட்டு கேக்கல பாய், பராமரிப்பு அப்படி'ன்னு நேத்து எனக்கே பாடம் எடுத்துட்டுப் போறாரு!"

(இங்கே கமலவேணியைத் தியாகியாக்கி ஒரு பத்தி எழுதி, அடித்துவிட்டேன். கணவர் மனம் நோகக் கூடாதென்று மறைத்தாளாம். பொய். அவர் பெருமை பேசும்போதெல்லாம் எனக்குள் ஒரு சிரிப்பு ஊறும். அதை விட்டுக்கொடுக்க மனமில்லை.)

4

நாளைக் காலை அவர் தனியாகக் காரில் மதுரைக்குப் போகிறார். பத்து நாள். ஊற்ற ஆளில்லாமல் எஞ்சின் திருச்சியைத் தாண்டுமா?

நேற்று மாலை சொல்லிப் பார்த்தேன்: "என்னாங்க, அந்தக் கம்பிய..."

"அதெல்லாம் பாத்துட்டேன். ஃபுல்லு."

5

முடிவுகள்:

விஷயம் தெரிந்ததும் சிரித்துவிடுவார். (நம்பும்படி இல்லை.)

அன்வருதீனோடு சண்டைக்குப் போவார். (பாவம் அன்வருதீன்.)

ஆளில்லாத சாலையில் எஞ்சின் இறுகிப்போய், அவர் கம்பியை உருவிப் பார்த்து, 'ஃபுல்லாத்தானே இருக்கு' என்று நிற்பார். (இதில் மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.)

6

ஐந்து மணிக்கு வருவார். என் கதைகளுக்கு முதல் வாசகர் அவர்தான். காபியோடு உட்கார்ந்து கடைசிப் பக்கத்தை முதலில் படிப்பார். பிடித்தால்தான் முதல் பக்கம். அங்கேயும் வரிசை தப்பு. இந்த ஒருமுறை அதைத்தான் நம்பியிருக்கிறேன்.

அவர் முதல் பக்கத்துக்குப் போவாரா என்பதை நீங்களே முடிவுசெய்துகொள்ளுங்கள். கடைசிப் பக்கம் உங்களுக்கு இல்லை.

7

என்னாங்க, காபிய கீழ வைங்க. மொதல்ல கம்பியத் தொடைங்க. செருகி எடுங்க. அப்புறமா பாருங்க. டின்னு அரிசி டிரம்முக்குப் பின்னாடி இருக்கு, மதுரைக்கு எடுத்துட்டுப் போங்க. ஏன்னு தெரியணும்னா மொதல் பக்கத்துலேர்ந்து படிங்க. நான் கொல்லைல இருக்கேன். நீங்க கூப்புடுற வரைக்கும் வரமாட்டேன்.