பழுதில்லை என்ற சொல்

குடுமியான்மலைக்குத் தெற்கே உள்ள எங்கள் ஊரில், அய்யனாருக்கு மண் குதிரை செய்யும் உரிமை எங்கள் வேளார் குடும்பத்துடையது. அந்தக் குதிரைகளைக் கோயிலுக்குத் தூக்கிச் செல்லும் புரவி எடுப்பு நடக்கும் ஆண்டில் ஊர் அம்பலகாரர் கண்மாயிலிருந்து ஒரு பிடி மண் அள்ளித் தருவார். அதை வாங்கிய கைதான் குதிரையைச் செய்ய வேண்டும். இந்த ஆண்டு என் மகன் திருப்பதியை வாங்கச் சொன்னேன்.

மண்ணை வாங்கியதால் மட்டும் உரிமை கைமாறாது. புதியவன் செய்த முதல் குதிரையைத் தகப்பன் தட்டிப் பார்த்து, ஊர் முன்னால் 'பழுதில்லை' என்று சொல்ல வேண்டும். பழுதிருந்தால் செய்தவனே உடைக்க வேண்டும். உரிமை வேறு ஊர் வேளாருக்குப் போய்விடும். என் தகப்பனார் எனக்காக அந்தச் சொல்லைச் சொன்னார்.

திருப்பதி நல்ல வேலைக்காரன். அதை நான் மறுக்கவில்லை. சூளை மூட்டிய மறுநாள் கோடை மழை கொட்டியது. தார்ப்பாயை இழுத்துப் போடுவதற்குள் ஈரம் இறங்கிவிட்டது. சூளையைப் பிரித்த அன்று நான் கண் டாக்டரைப் பார்க்கப் புதுக்கோட்டை போயிருந்தேன். திரும்பியபோது குதிரை வண்ணம் பூசி நின்றது.

எடுப்பன்று காலையில் கழுத்தைத் தட்டினேன். வெந்த மண் கணீரென்று பேசும். இது பேசவில்லை. நகத்தால் சுரண்டினேன். உள்ளே சிமெண்ட்.

பின்னால் நின்ற திருப்பதி, மழையில் விரிசல் விட்டது, வேறு செய்ய நாளில்லை என்றான். மருமகள் அமராவதி என் காலைத் தொட்டாள்.

"ஒரு வார்த்தைதான மாமா. இதுக்காகத்தான் திருப்பூர் வேலைய விட்டுட்டு வந்தாரு."

"அந்த வார்த்தை என்னுது இல்ல தாயி. எங்கப்பா குடுத்தது."

"கோயில்ல நிக்கிற குதிரை எல்லாம் விரிஞ்சுதானப்பா கெடக்கு" என்றான் திருப்பதி.

"அது நின்னு விரிஞ்சது. விரிஞ்சு போயி நிக்கல."

மேளத்தோடு ஊர் வந்தது. அம்பலகாரர் சிரித்தபடி கேட்டார்: "என்ன வேளாரே, மகன் தேறிட்டானா? சொல்லுங்க, வெயில் ஏறுது."

"பழுது இருக்குங்க" என்றேன்.

மேளம் நின்றது. அம்பலகாரர் என்னைத் தனியே அழைத்து, மழை செய்ததற்குப் பிள்ளை என்ன செய்வான், கண்டுகொள்ளாமல் விடலாமே என்றார். நான் திரும்பி வந்து திருப்பதியிடம் உலக்கையைக் கொடுத்தேன். காலும் உடலும் தலையும் நொறுங்கின. சிமெண்ட் பூசிய கழுத்து மட்டும் உடையவில்லை. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அது தூளாகும்வரை அடித்தான்.

அன்று மதியமே இருவரும் பெட்டியோடு கிளம்பினார்கள்.

"ஒங்களுக்குக் கொள்ளி வைக்க வாரேன். அதுவரைக்கும் கூப்பிடாதீங்க" என்றான்.

நான் கூப்பிடவில்லை.

இப்போதும் காலையில் கோயிலுக்குப் போகிறேன். எங்கள் குதிரைகள் வரிசையாக நிற்கின்றன. கடைசியில் நிற்பது நான் செய்தது. அதற்கு அடுத்த இடத்தில் முள்ளை வெட்டிச் சுத்தம் செய்திருக்கிறார்கள். அடுத்த எடுப்பில் பக்கத்து ஊர் வேளாரின் குதிரை அங்கே நிற்கும்.