இல்லாத முட்டிவலி

சுப்ராயன் என்று கேட்டால் காரைக்கால் தலத்தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. சொல்தா வீடு என்று கேட்டால் கையைப் பிடித்து வாசலில் கொண்டுபோய் விடுவார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக, அவர்கள் பாஷையில் சொல்தாவாக இருந்து, கடல் கடந்து ஊர் ஊராகச் சுற்றி, பென்சனோடு திரும்பி வந்தவர். கத்திரி வெயில் ஆரம்பித்ததும் கொடைக்கானலில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். காலையில் மலையில் நடக்க வேண்டும், மத்தியானம் தன் கையாலேயே சமைத்து நாலு பேருக்குப் போட்டுத் தானும் சாப்பிட வேண்டும். இதற்காகவே வருசம் முழுக்கக் காத்திருக்கிற மனுசன்.

எண்பத்து மூன்றாம் வருசம் அவருடைய மனைவி செல்லம்மா, கொல்லை வேலி ஓரமாக நின்று பக்கத்து வீட்டுக் கல்யாணசுந்தரியைக் கூப்பிட்டாள்.

"சுந்தரி, இந்தத் தடவை நீங்களும் எங்ககூட வாங்களேன். ஒரு வாரம் இருந்துட்டு வரலாம். கார்ல இடம் இருக்கு. ராஜத்தையும் கூட்டிகிட்டு வா."

சுந்தரிக்குக் கல்யாணமாகி மூன்று வருசம். புருசன் நீலமேகம் மின்துறையில் கிளார்க்கு. ராஜம் அவனுடைய அக்கா. சின்ன வயசிலேயே தாலியறுத்து வந்து, தாயில்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவள். நாத்தனார் கொடுமை என்று ஊரில் நூறு கதை சொல்வார்களே, அதில் ஒன்றுகூட இந்த வீட்டில் கிடையாது. ராஜம் அதிர்ந்து பேச மாட்டாள். சுந்தரிக்குத் தலைவலி என்றால் அவளே அடுப்படிக்குப் போய்விடுவாள். ஆனால் எந்த நேரமும் இருப்பாள். ரெண்டு அறை வீட்டில் புருசனும் பெண்டாட்டியும் என்ன பேசினாலும் அந்தப் பக்கம் கேட்கும். சிரிப்பு வந்தாலும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும். மூன்று வருசத்தில் சுந்தரி ஒருநாளும் வாய் விட்டுச் சிரித்ததில்லை.

செல்லம்மா கூப்பிட்டபோது ராஜம் வீட்டில் இல்லை. கோட்டுச்சேரிமேட்டிலிருந்து வருகிற மீன்காரிக்காகத் தெருமுனையில் நின்றிருந்தாள். அவள் திரும்பி வருவதற்குள் சுந்தரி மனசில் எல்லாம் கூடிவந்துவிட்டது.

சாயங்காலம் புருசனிடம் சொன்னாள். "அண்ணியையும் கூப்பிட்டாங்க. முட்டி வலிக்குது, மலையெல்லாம் ஏற முடியாதுன்னுட்டாங்க."

செல்லம்மாவிடமும் அதையே சொல்லிவைத்தாள். ராஜத்திடம் வேறு மாதிரி சொன்னாள். "கார்ல நாலு பேருக்குத்தான் இடமாம் அண்ணி. அதான் எங்க ரெண்டு பேரை மட்டும் கூப்பிட்டாங்க."

ராத்திரிச் சாப்பாட்டின்போது நீலமேகம் கேட்டான். "ஏன்க்கா வரலேங்கறே?"

சுந்தரி அவசரமாக அவன் தட்டில் ரசத்தை ஊற்றினாள்.

"நான் எதுக்குடா? மாட்டை யார் பார்த்துக்கறது? நீங்க போய்ட்டு வாங்க" என்றாள் ராஜம். இடமில்லை என்று சொன்னால் தம்பிக்கு மனசு சங்கடப்படும் என்று அவளாக ஒரு காரணம் சொன்னாள். கிளம்புகிற அன்று புளிச்சோறும் முறுக்கும் கட்டிக் கொடுத்து, தெருமுனை வரைக்கும் வந்து நின்றாள்.

சுப்ராயன் காரை ஓட்ட, நீலமேகம் முன்னால் உட்கார்ந்தான். பின்சீட்டில் செல்லம்மாவும் சுந்தரியும். நடுவே ஓர் ஆள் தாராளமாக உட்காரலாம். திருச்சி தாண்டியதும் செல்லம்மா அங்கே தலையணையைப் போட்டுக் காலை மடக்கிப் படுத்துவிட்டாள். "ராஜம் வந்திருந்தா பேசிகிட்டே போயிருக்கலாம். பாவம், அதுக்கு முட்டிவலி வந்துடுச்சு" என்றாள். சுந்தரி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மலைக்குப் போன முதல் ரெண்டு நாள் அவளுக்கு எதுவும் உறைக்கவில்லை. காரைக்காலில் வியர்வையில் ஊறிப்போன உடம்புக்கு அந்தக் குளிரே பெரிய விருந்து. விடிந்ததும் சுப்ராயன் கைத்தடியைத் தரையில் தட்டி, "அலோன், அலோன்!" என்று பிரெஞ்சில் எல்லாரையும் கிளப்புவார். வட்டக்கானல் பக்கம் சோலைக்குள் ஒற்றையடிப் பாதையில் இறங்குவார்கள். ஈரவேர் வழுக்கும். நீலமேகம் அவள் கையைப் பிடித்து இறக்கிவிடுவான். ஊரில் தெருவில் சேர்ந்து நடக்கவே கூச்சப்படுகிறவன் அவன். ஒரு தரம் அவனே வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்துவிட்டான். சுந்தரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சோலை முழுக்கக் கேட்டிருக்கும்.

பசியோடு திரும்பினால் சுப்ராயன் அடுப்பை மூட்டிவிடுவார். ஒயினில் ஊறவைத்த ஆட்டுக்கறியைக் கேரட்டும் சின்ன வெங்காயமும் போட்டு மெல்லிய தீயில் வேகவைப்பார். உருளைக்கிழங்கைக் காகிதம்போல் சீவி, பாலாடை ஊற்றி மேலே சிவக்கச் சுடுவார். ரொட்டியைக் கையால் பிய்த்துக் குழம்பைத் துடைத்துத் தின்னச் சொல்லிக்கொடுப்பார். சாப்பாட்டுக்குப் பிறகு பேரிக்காயைச் சர்க்கரைப்பாகில் போட்டுத் தருவார். இவ்வளவு ருசி உலகத்தில் இருக்கிறதா என்று சுந்தரிக்குத் தோன்றியது.

மூன்றாம் நாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது திறந்திருந்த ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வந்தது. எதிரில் இருந்த நீலமேகத்தின் முகமே மங்கிப்போனது.

"அக்கா பார்த்திருக்கணும்" என்றான் அவன். "மலைமேல மேகம் வீட்டுக்குள்ளேயே வரும்னு எங்கேயோ கேட்டுட்டு வந்து, நெசமாடா தம்பின்னு சின்னப்பிள்ளை மாதிரி எங்கிட்ட கேட்டுச்சு. நாம ஒருநாள் போவோம்க்கான்னு சொன்னேன்." கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தான். "அதுக்கு முட்டிவலி எப்ப வந்துச்சு சுந்தரி? எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"கொஞ்ச நாளாத்தான்" என்றாள்.

"நான்தான் கவனிக்காம இருந்துட்டேன்."

சுந்தரி தட்டை ஓரமாக நகர்த்திவைத்தாள். பிடிக்கவில்லையா என்று சுப்ராயன் கேட்டார். வயிறு நிறைந்துவிட்டது என்றாள்.

அதற்குப் பிறகு என்ன சாப்பிட்டாள், எங்கே நடந்தாள் என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. நீலமேகம் கடைத்தெரு முழுக்க அலைந்து, முட்டிக்கு நல்லது என்று யாரோ சொன்ன யூகலிப்டஸ் தைலத்தை வாங்கினான். கடைக்காரனிடம் எப்படித் தேய்க்க வேண்டும் என்று நின்று கேட்டுக்கொண்டான். சுந்தரி கடைக்கு வெளியே நின்றாள். அப்போதே சொல்லியிருக்கலாம். கை பிடித்து இறக்கிவிட்ட மனுசன் முகம் எப்படி மாறுமோ என்ற பயத்தில் விட்டுவிட்டாள்.

ஊர் திரும்பியதும் ராஜம் எல்லாருக்கும் மோர் கொடுத்தாள். செல்லம்மாவும் உள்ளே வந்து உட்கார்ந்தாள். நீலமேகம் பையிலிருந்து தைலத்தை எடுத்தான்.

"இந்தாக்கா. முட்டிக்குத் தினம் தேய்ச்சுக்க."

"முட்டிக்கா?" என்றாள் ராஜம்.

"நீ வராதது எனக்கு ஒரு குறைதான் ராஜம்" என்றாள் செல்லம்மா. "பின்சீட்டு சும்மாதான் கெடந்துச்சு. நான் படுத்துகிட்டே போனேன்னா பாரேன்!"

ராஜம் சீசாவைப் பார்த்தாள். பிறகு சுந்தரியைப் பார்த்தாள். கண்ணிமைக்கும் நேரம்தான். சுந்தரிக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

"ஆமாடா தம்பி" என்றாள் ராஜம். "ஏறி இறங்கினா குத்துது. நல்ல காரியம் பண்ணினே." அங்கேயே உட்கார்ந்து, அவன் பார்க்க, ஒரு குறையும் இல்லாத முட்டியில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டாள்.

செல்லம்மா போன பிறகு சுந்தரி அடுப்படிக்குப் போனாள். "அண்ணி..." என்று கதவோரம் நின்றாள்.

ராஜம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. "ரெண்டு பேராப் போகணும்னு ஆசை வர்றது தப்பா? எங்கிட்ட சொல்லியிருந்தா நானே வேண்டாம்னு இருந்திருப்பேனே." ஆய்ந்த கீரையை முறத்தில் தள்ளிவிட்டு, "அவனுக்குத் தெரிய வேண்டாம்" என்றாள்.

அடுத்த வாரம் ராஜம் ஒரு பையில் ரெண்டு சேலையை வைத்துக்கொண்டு, நிரவியில் இருக்கிற சித்தி மகள் வீட்டுக்குப் போய் வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று கிளம்பினாள். இத்தனை வருசத்தில் அவள் அப்படிப் போனதே இல்லை. எதற்குப் போகிறாள் என்று சுந்தரிக்குத் தெரியாதா? வீட்டில் அவளும் நீலமேகமும் மட்டும் இருந்தார்கள். சத்தமாகச் சிரிக்கலாம், தடுப்பார் இல்லை. சிரிப்புத்தான் வரவில்லை. மாடு கூடப் பால் கறக்க விடாமல் உதைத்தது.

புதன்கிழமை ஆபீஸிலிருந்து வந்தவன், "அக்கா தைலத்தை இங்கேயே வச்சுட்டுப் போய்டுச்சே, போய்க் கொடுத்துட்டு வரட்டுமா?" என்று சைக்கிளை எடுத்தான். சுந்தரியால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. சைக்கிளின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

அவன் கத்தவில்லை. கை ஓங்கவில்லை. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு வெளியே நடந்து போனான். திரும்பி வந்து, போட்டதைச் சாப்பிட்டான். ரெண்டு நாளும் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனாலும் அவளுக்கு நெஞ்சிலிருந்து கல் இறங்கியது போல இருந்தது. சொல்லிவிட்டோம், இனி எது வந்தாலும் வரட்டும் என்று நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை ராஜம் வந்தாள். தம்பி அவளைப் பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு சட்டையை மாட்டினான். அவன் வெளியே போகிற வரைக்கும் ராஜம் காத்திருந்தாள்.

"சொல்லிட்டியா?"

"மனசு தாங்கலே அண்ணி."

மூன்று வருசத்தில் முதல் தரமாக ராஜத்தின் குரல் உயர்ந்தது. "உன் மனசு தாங்கலேன்னு அவன் தலையில இறக்கி வச்சியா? இனிமே அவன் என் முகத்தைப் பார்க்கறப்பல்லாம் அக்காவை விட்டுட்டுப் போய்த் தின்னோமேன்னுதானே நினைப்பான்! நான் எதுக்கு அன்னைக்கு வலிக்குதுன்னு சொன்னேன்? எனக்காகவா?"

சுந்தரி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இறங்கிவிட்டது என்று நினைத்த கல் எங்கே போய் விழுந்தது என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அழுதாள். ராஜம் அவளைத் தேற்றவில்லை. பையிலிருந்த சேலைகளை எடுத்துக் கொடியில் போட்டாள். பிறகு குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, "உலையை வை. அவன் பசியோட வருவான்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீருக்குப் போனாள்.