பாதிக் கேடயம்

கல்தச்சர் ரெஜ் துணியை விலக்கியதும் ஹில்டா கார்ஸ்டாங்கின் கண்ணில் முதலில் பட்டது சாவிதான். அவள் கணவர், காலஞ்சென்ற பேராயர் ஆம்ப்ரோஸின் நினைவுக்கல் அது. கல்லில் இருந்த கேடயத்தின் ஒரு பாதியில் ஆர்ன்மின்ஸ்டர் பேராயத்தின் சின்னமான வாளும் சாவியும் செதுக்கி முடிந்திருந்தன. ஆம்ப்ரோஸின் குடும்பச் சின்னமான மூன்று நாரைகள் வரவேண்டிய மறுபாதி வழவழப்பாகக் கிடந்தது.

“இதுல நான் எங்க?” என்றாள்.

தலைமைக் குரு பெவன் தொண்டையைச் செருமினார். “பதவிக் கேடயத்துல மனைவிக்கு இடம் கிடையாது, மிஸஸ் கார்ஸ்டாங். அது வழக்கம். பக்கத்துல இன்னொரு கேடயம் வெச்சு, அவர் சின்னத்தோட உங்கப்பா சின்னத்தைச் சேர்க்கலாம். ஆனா உங்கப்பாவுக்குச் சின்னம்னு ஒண்ணு...”

“எங்கப்பா மீன் கடை வெச்சிருந்தார். கடைப் பலகையில ஒரு மீன் இருந்துச்சு. அது ஆகாதா?”

ரெஜ் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

கணவன், மனைவி இருவரின் சின்னங்களையும் ஒரே கேடயத்தில் இணைக்கும் முறையிலேயே பேராயரின் கேடயமும் அமையும். கணவனுக்குரிய பாதி பேராயத்துக்கு; மனைவிக்குரிய பாதி பேராயருக்கு. ஹில்டாவுக்கு இது புதிய செய்தியன்று. வாழ்நாள் முழுவதும் அவள் மேசையில் உணவு ஆறிப்போனது பேராயத்தோடு அவருக்கு நடந்த இந்த முதல் திருமணத்தினால்தான். அதைக் கல்லிலும் வெட்டிவைக்க வேண்டுமா?

“அவர் பேராயத்துக்குப் பொண்டாட்டின்னா நான் யாரு? சமையக்காரியா?”

“அப்படி யாரும் சொல்லலையே.”

“அவர் ஓய்வு பெற்ற அன்னைக்கே இந்த வாளும் சாவியும் அவரை விட்டுட்டுப் புதுப் பேராயர்கிட்ட போயிடுச்சு. அதுவும் உங்க வழக்கம்தான். படுக்கையில கிடந்தவருக்கு சூப் ஊட்ட எந்தப் பேராயமும் வரலை.”

“நினைவுக்கல்லுக்கு அந்த விதி பொருந்தாதுங்க,” என்றார் பெவன்.

பேராயத்துக்காக வளையும் விதி தனக்காக மட்டும் ஒருபோதும் வளைந்ததில்லை. கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். ரெஜ்ஜின் பலகைமேல், நாரைகள் வரைந்த தாள் விரிந்திருந்தது. அதை எடுத்துச் சுருட்டினாள்.

“அது இல்லாம நான் எப்படி வெட்டுறதுங்க?” என்றார் ரெஜ்.

“வெட்டாதீங்க. நாரைங்க குடும்பத்துச் சொத்து. குடும்பத்துல மிச்சம் நான்தான்.”

“ஞாயித்துக்கிழமை திறப்பு விழா,” என்றார் பெவன். “பாதிக் கேடயத்தையா சுவர்ல வைக்கிறது?”

“உங்க பாதி முழுசாத்தானே இருக்கு?”

ஞாயிறன்று பேராலயத்தின் தெற்குச் சுவரில் திரை விலகியது. வாளும் சாவியும் புது வெட்டின் வெண்மையோடு நின்றன. அருகே வெற்றுக் கல். பெவன் அந்தப் பக்கம் பாராமலேயே செபத்தை முடித்தார். மக்கள் எழுந்து பாடினார்கள். ஹில்டா மட்டும் முன்வரிசையில் உட்கார்ந்தே இருந்தாள். வெளியே மேகம் நகர, சாளரக் கண்ணாடியின் நீலம் அந்த வெறும் பாதியில் விழுந்தது. மெல்ல ஊர்ந்து, சாவியின் விளிம்பை எட்டுமுன் மங்கியது.